வெப்பத்தைக் காணும் கண்

கம்பம் நகரத்திலிருந்து மேற்கு நோக்கி மலையேறினால், கொண்டை ஊசி வளைவுகள் பல கடந்து, தமிழ்நாடும் கேரளமும் ஒன்றையொன்று தொடும் கம்பம்மெட்டு என்னும் சிற்றூரை அடைகிறோம். ஒருபுறம் கீழே திராட்சைத் தோட்டங்களும் நெல்வயல்களும் விரிந்த கம்பம் பள்ளத்தாக்கு. மறுபுறம் இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய்க் காடுகள். விடியுமுன்னரே பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஜீப் வண்டிகள் தொழிலாளரை, அவர்களுள்ளும் பெண்களையே மிகுதியாக, ஏற்றிக்கொண்டு இம்மலைச்சாலைகளில் செல்கின்றன. மாலையில் அவ்வண்டிகளே அவர்களைத் திரும்பக் கொணர்கின்றன. மாநில எல்லை என்பது இவர்களுக்கு நாள்தோறும் இருமுறை தாண்டும் வாசற்படியே ஆகும்.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கோவிட் நோய் பரவியபோது அவ்வாசற்படியில் தடை விழுந்தது. இரு மாநிலங்களின் எல்லைச் சாவடிகளிலும் வழிப்போக்கரை நிறுத்தி, நெற்றிக்கு நேரே கைத்துப்பாக்கி போன்ற ஒரு சிறு கருவியை நீட்டினர். தொடாமலே உடலின் வெப்பம் எண்களாகத் தெரிந்தது. விமான நிலையங்களில் இதன் மூத்த உடன்பிறப்பான வெப்பப் படக்கருவியையே நிறுவி, நடந்து செல்லும் கூட்டத்தில் காய்ச்சலுடையோரைத் தேடினர். எளிய மக்கள் பலர் இத்தகைய கருவியை முதன்முதலாகக் கண்டது அப்பொழுதுதான். அதற்கு முன்னரே அஃது இருநூறு ஆண்டு வரலாறு உடையது என்பதையும், இதே மலைத்தொடரில் உயிர்காக்கும் பணியிலும், காக்க இயலாது நின்ற வேளைகளிலும் அதற்குப் பங்குண்டு என்பதையும் இங்குக் காண்போம்.

வரலாற்றின் தொடக்கம் 1800-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில். வில்லியம் ஹெர்ஷல் என்பார் இசைக் கலைஞராயிருந்து வானநூல் அறிஞரானவர். 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தவர். தொலைநோக்கியின் வழியே சூரியனைப் பார்ப்பதற்குப் பல நிறக் கண்ணாடிகளை அவர் பயன்படுத்தினார். சில கண்ணாடிகள் ஒளியைக் குறைத்தும் கண்ணைச் சுட்டன. சில ஒளியை மிகுதியாக விட்டும் சுடவில்லை. அவ்வாறாயின் ஒளியும் சூடும் ஒரே அளவில் இணைந்து வருவன அல்லவோ என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. முப்பட்டகக் கண்ணாடியால் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் கரி பூசிய குமிழுடைய வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்லச் சூடு ஏறியது. சிவப்பும் முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாத இருளில் வைத்த வெப்பமானியோ அவை எல்லாவற்றையும்விட மிகுதியாக ஏறியது. காணாத ஒளி ஒன்று உண்டு என்பது இவ்வாறு நிலைநாட்டப்பெற்றது.

அதனையே இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல்லில் எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. மூலச்சொல்லின் பொருள் 'சிவப்புக்குக் கீழ்' என்பதே. அகமும் புறமும் அதில் இல்லை. ஆயினும் புறஊதா என்பதற்கு இணையாக அகச்சிவப்பு என்று பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. வேரூன்றிய சொல்லைப் பிடுங்குவது மொழிபெயர்ப்பாளர் தொழிலன்று. 'வெப்ப நிழற்படம்' என்று சிலர் எழுதுவதைத்தான் நாம் ஒப்புக்கொள்வதில்லை. இப்படத்தில் நிழலுக்கு வேலையே இல்லை. நள்ளிருளில், விளக்கேதும் இன்றி, பொருள் தானே வெளிவிடும் கதிரைக் கொண்டு வரைந்துகொள்ளும் படம் இது. மனித உடலும், யானையும், அடுப்பும், மலைப்பாறையும் எந்நேரமும் இக்கதிரை வெளிவிட்டவண்ணம் இருக்கின்றன. சூடு மிகுந்தால் கதிரும் மிகும்.

ஹெர்ஷலின் மைந்தர் ஜான் ஹெர்ஷல் 1840-இல், புகைக்கரி பூசிய தாளைச் சாராயத்தில் நனைத்து அதன்மேல் சூரியக் கதிரின் நிறமாலையை விழச்செய்தார். சூடு பட்ட இடம் முதலில் உலர்ந்து வெளிறியது. அவ்வெளிறிய திட்டுக்களே உலகின் முதல் வெப்பப் படம் எனலாம். அதே காலத்தில் இத்தாலியரான மெல்லோனி, வெப்பத்தை மின்சாரமாக மாற்றிக் காட்டும் நுண்ணிய அடுக்கு ஒன்றைக் கொண்டு, பல அடி தொலைவில் நிற்கும் மனிதனின் உடற்சூட்டையும் அளந்தார். கண்ணாடி இக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, இந்துப்பின் பளிங்கோ தடையின்றி விடுகிறது என்று கண்டவரும் அவரே. இன்றும் வெப்பப் படக்கருவியின் வில்லை கண்ணாடியால் ஆனதன்று. ஜெர்மானியம் என்னும் தனிமத்தாலாகியது. நம் கண்ணுக்கு அது வெறும் உலோகத்துண்டு போல ஒளிபுகாமல் நிற்கும். 1880-ஐ ஒட்டி அமெரிக்க வானநூலார் லாங்லி 'போலோமீட்டர்' என்னும் கருவியை அமைத்தார். மெல்லிய உலோக இழை சூடேறும்போது அதன் மின்தடை மாறும்; அம்மாற்றத்தை அளப்பதே அதன் தத்துவம். கால் மைலுக்கு அப்பால் நிற்கும் பசுவின் சூட்டையும் அஃது உணர்ந்தது என்பர். நாம் கூற வந்த கதையின் முடிவில் பசுவைவிடப் பெரிய விலங்கொன்று வருமாதலால் இதை நினைவில் வைக்குமாறு நேயர்களை வேண்டுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வறிவு போர்த்துறையினரின் கைக்குச் சென்று, இரகசியப் பெட்டிக்குள் பூட்டப்பட்டது. இருளில் எதிரியின் விமானத்தையும் கப்பலையும் காண்பது ஒன்றே நோக்கம். அதன் விவரங்களில் நாம் புகவேண்டியதில்லை. தொழில்துறைக்கு அது வந்து சேர்ந்த வாயில்தான் சுவையானது. 1965-இல் ஸ்வீடன் நாட்டின் 'ஆகா' என்னும் நிறுவனம், மின்கம்பிகளைச் சோதிப்பதற்கென வெப்பப் படக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்கருவியை ஒருவர் தோளில் தூக்கிச் செல்ல இயலாது. அதன் உணரியைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆயினும் மின்சார நிறுவனங்கள் அதனை வாங்கின. காரணம் எளிது. மின்கம்பியின் இணைப்பு சற்றே தளர்ந்தாலும், துருவேறினாலும் அவ்விடத்தில் மின்தடை கூடும், கூடினால் சூடாகும், சூடானால் மேலும் தளரும். வாரங்களோ மாதங்களோ இவ்வாறு நடந்து, ஒருநாள் கம்பி அறுந்து விழும், அல்லது மின்மாற்றி தீப்பற்றும். கண்ணுக்கு முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றுபோலவே தோன்றும்.

கம்பம்மெட்டிலிருந்து நோக்கினால் தெற்கே பள்ளத்தாக்கின் தலைமாட்டில், கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்ப் என்னுமிடத்தில் பெரியாற்று மின்நிலையம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, பெருங்குழாய்களில் இறங்கி அங்கே மின்சாரமாகிறது. இத்தகைய நிலையங்களிலிருந்து புறப்படும் கம்பிகளில் பணிபுரிந்த பழைய மின்பணியாளர், கருவி வருமுன்னர்த் தம் கண்ணையே கருவியாக்கிக்கொண்டனர். தூறல் விழும்போது எந்த இணைப்பிலிருந்து ஆவி எழுகிறதோ அது கெட்ட இணைப்பு. இரவில் எது மங்கலாகச் சிவக்கிறதோ அது நாளை அறுந்துவிழும் இணைப்பு. சிவக்கும் நிலைக்கு வந்தபின் கண்டு என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கு விடையாகவே வெப்பப் படக்கருவி வந்தது. இன்று நம் நாட்டின் துணைமின் நிலையங்களில் இச்சோதனை வழக்கமான பராமரிப்பாகிவிட்டது. மூன்று கம்பிகளின் இணைப்புக்களையும் ஒரே படத்தில் வைத்துப் பார்ப்பர். ஒரே சுமையைத் தாங்கும் மூன்றில் ஒன்று மட்டும் வெளுத்துத் தோன்றினால் அதற்கு மருத்துவம் தேவை. ஆலைகளில் சுழலும் எந்திரத்தின் தாங்கிகள், உலையின் உட்சுவரில் செங்கல் தேய்ந்த இடம், உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் நிலக்கரிக் குவியல் ஆகிய அனைத்துக்கும் இம்முறையே பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு நமக்கு வந்தது. பளபளப்பான உலோகத்தின் அளவை நம்பலாகாது என்று அதில் ஓர் எச்சரிக்கை இருந்தது. அதனைத் தக்கவாறு மொழிபெயர்க்க இயலாது இருநாள் திணறியபின் அடுக்களையில் விடை கிடைத்தது. நன்றாகத் துலக்கிய எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் காப்பியை ஊற்றி வெப்பப் படக்கருவியால் பார்த்தால், டம்ளர் குளிர்ந்திருப்பதாகவே தோன்றும். அது தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடாமல், எதிரே நிற்பவரின் வெப்பத்தையே கண்ணாடி போல் திருப்பிக் காட்டும். அடுப்பில் கரியேறிய பானையோ உள்ள சூட்டை உள்ளவாறே சொல்லிவிடும். இவ்வுவமையை வரைவில் எழுதினோம். உயர் அதிகாரி ஒருவர் 'இது சமையற் குறிப்பன்று' என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார். இங்கேனும் அது அச்சேறட்டும்.

திரவ நைட்ரஜன் தேவைப்படாத உணரியை 1980-களில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் இராணுவத்துக்காக உருவாக்கியது. லாங்லியின் போலோமீட்டரையே மயிரிழையினும் நுண்ணியதாகச் சுருக்கி, ஆயிரக்கணக்கில் ஒரு சில்லின்மீது பதித்த அமைப்பு அது. 1992-இல் அதன்மீதிருந்த இரகசியக் கட்டுப்பாடு தளர்த்தப்பெற்றது. அதன்பின் கருவியின் விலையும் எடையும் ஆண்டுதோறும் இறங்கின. தீயணைப்போர் அதனைத் தலைக்கவசத்திலும் கையிலும் ஏந்தினர். புகை சூழ்ந்த அறையில் நம் கண் குருடாவதற்குக் காரணம், புகைத் துகள்கள் ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவினவாக இருந்து அதனைச் சிதறடிப்பதே. உடல் வெளிவிடும் கதிரின் அலைநீளமோ பத்து மைக்ரானை ஒட்டியது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல் நீண்டது. புகையின் சிறு துகள்களைத் தாண்டி அது வந்துவிடும். தரையில் மயங்கிக் கிடப்பவரின் உருவம் திரையில் வெண்மையாகத் தெரியும்.

இனி நம் மலைக்கே மீள்வோம். கம்பம்மெட்டுக்கு வடக்கே, இதே மலைவிளிம்பில், போடிநாயக்கனூரை அடுத்துக் குரங்கணி இருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் நாள், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் மலையேறச் சென்ற இரு குழுவினர் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வருகையில், பிற்பகலில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. கோடையில் காய்ந்த போதைப்புல் ஆளுயரத்துக்கு நிற்கும் சரிவு அது. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். மனிதர் மேல்நோக்கி ஓடுவதைவிட விரைந்து ஓடும். ஒன்பது பேர் அங்கேயே மாண்டனர். மருத்துவமனைகளில் பின்னர் இறந்தோரையும் சேர்த்தால் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் ஓடிச்சென்று சுமந்து இறக்கியோர் உள்ளூர் மக்களும் வனத்துறையினருமே. பின்னர் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன.

அப்பொழுது வானத்தில் வெப்பத்தைக் காணும் கண் இல்லையா? இருந்தது. டேராடூனில் உள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் 2004 முதலே, செயற்கைக்கோள்களின் வெப்ப உணரிகள் காட்டும் தீப்புள்ளிகளை மாநில வனத்துறைகளுக்கு அறிவித்து வருகிறது. ஆனால் அக்கோள்கள் ஓரிடத்தின் மேல் நிலையாக நிற்பன அல்ல. முற்பகலில் ஒன்று, நண்பகல் கழிந்து ஒன்று, இரவிலும் அவ்வாறே எனக் கடந்து போவன. அவற்றின் ஒரு புள்ளி என்பது தரையில் சில நூறு மீட்டர், பழைய உணரியாயின் ஒரு கிலோமீட்டர். எந்தக் காட்டில் தீ என்று அவை சொல்லும். எந்த ஓடையில் மக்கள் அகப்பட்டிருக்கின்றனர் என்று சொல்லமாட்டா. புள்ளி வனச்சரகரின் கைபேசிக்கு வந்து, அவர் காவலரை அனுப்பி, காவலர் நடந்து சேர்வதற்குள் புல்லின் தீ ஒரு மலைமுகட்டையே தாண்டிவிடும். காண்பதற்கும் கை நீட்டுவதற்கும் இடைப்பட்ட அவ்வழிதான் நம் மலைகளில் நீளமானது. குரங்கணிக்குப் பின், 2018-லேயே, தமிழ்நாட்டரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. உரிய அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்லலாகாது என்பது அதன் சாரம். தீக்காலத்தில் மனிதரை அப்புல்வெளியினின்று விலக்குவதே எந்தக் கருவியையும்விட விரைவான உதவி என்று நாமும் கருதுகிறோம்.

இரண்டாண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள் மண்ணுக்குள் சென்றன. மாண்டோர் எழுபதின்மர், பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த தமிழ்க் குடும்பத்தினர். நால்வரின் உடல் இறுதிவரை கிடைக்கவில்லை. வெப்பப் படக்கருவியிடம் இங்கு எதனையும் எதிர்பார்க்க இயலாது. அது காண்பது பொருளின் மேற்பரப்பை மட்டுமே. ஒரு சாண் ஈரமண் போதும், உயிருள்ள உடலின் சூட்டையும் மறைத்துவிடும். ஆதலால் மண்ணுக்குள் மின்காந்த அலையைச் செலுத்தித் தேடும் வேறு கருவியைக் கொணர்ந்தனர். மோப்ப நாய்களும் வந்தன. இவற்றுக்கிடையே எவரும் பழக்காத வீட்டு நாய் ஒன்று, தன்னோடு விளையாடிய சிறுமியைத் தேடி ஆற்றோரம் சென்று நின்றது. எட்டாம் நாள் அக்குழந்தையின் உடல் அங்கே கிடைத்தது. கருவிகளின் வரலாறு எழுதுவோர் இதனை விட்டுவிடுவது முறையன்று.

யானையின் கதையில் இக்கண்ணுக்கு நற்பெயர் கிடைத்தது. இடுக்கியின் சின்னக்கானலில் அரிசிக்காக வீடுகளை இடித்த அரிக்கொம்பன் என்னும் யானையை, 2023 ஏப்ரல் 29-இல் கேரள வனத்துறையினர் மயக்கி, கழுத்தில் வானொலிப் பட்டை பூட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். இருக்குமிடத்தை அப்பட்டை தெரிவித்துக்கொண்டே இருந்தது. ஆயினும் ஒரு மாதம் நிறையுமுன், மே 27-ஆம் நாள் காலை, அவ்யானை கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. அன்று காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5-இல் தமிழ்நாட்டு வனத்துறையினர் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றனர். இருப்பிடத்தை அறிவது ஒன்று. வருகையைத் தடுப்பது மற்றொன்று.

அவ்விரண்டையும் இணைத்துப் பார்த்த இடம், இம்மலைத்தொடர் வடக்கே சென்று பாலக்காட்டுக் கணவாயாகத் தாழும் எல்லையில் உள்ளது. எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையே ரயில் பாதை இரண்டாகப் பிரிந்து காட்டினூடே செல்கிறது. காலங்காலமாக யானைகள் கடக்கும் வழி அது. 2021 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, நவக்கரை அருகே விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. அதற்கு முன்னரும் இப்பாதை பல யானைகளைப் பலிகொண்டதுண்டு. 2024 பிப்ரவரியில், ஏழு கோடியே இருபத்து நான்கு லட்சம் ரூபாய்ச் செலவில், மதுக்கரை வனச்சரகத்தில் பாதையோரம் 12 கோபுரங்கள் எழுப்பி, வெப்பப் படக்கருவிகளையும் சாதாரணப் படக்கருவிகளையும் தமிழ்நாட்டு வனத்துறை பொருத்தியது. பாதைக்கு அப்பாலுள்ள நிலத்தை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று வளையங்களாக வகுத்தனர். இருளில் ஒரு வெப்ப உருவம் மஞ்சள் வளையத்துள் வந்ததுமே, அஃது யானைதானா என்று கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். ஆடுமாடுகளும் மனிதரும் வெப்பமுடையோரே ஆதலின் இவ்வொப்பீடு இன்றியமையாதது. பகலில் வெயிலேறிய பாறையும் யானையின் மேனிச்சூட்டை எட்டிவிடும். அங்கே சாதாரணப் படக்கருவி துணைநிற்கும்.

இரவும் பகலும் ஆட்கள் விழித்திருக்கும் கட்டுப்பாட்டு அறை ஒன்று அங்கு அமைந்திருப்பதையே நாம் சிறப்பாகக் கருதுகிறோம். யானை என்று உறுதியானதும், அருகிலுள்ள வனக்காவலருக்கும் ரயில்வே துறையினருக்கும் ஒரே வேளையில் செய்தி செல்கிறது. எஞ்சின் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். காவலர் சென்று கூட்டத்தைக் கடத்திவிடுகின்றனர். கண்ட சில நிமிடங்களுக்குள் கை நீளுமாறு ஏற்பாடு செய்த பின்னரே கோபுரங்களை இயக்கினர். முதலாண்டு முடிவில், ஆயிரக்கணக்கான முறை யானைகள் இப்பாதையை நலமாகக் கடந்தன என்றும், ரயில் மோதி ஒன்றும் இறக்கவில்லை என்றும் வனத்துறை அறிவித்தது.

கம்பம்மெட்டின் பக்கம் அத்தகைய கோபுரங்கள் வேண்டிய ரயில் பாதை இல்லை. அங்குத் தோட்டங்களில் ஏலக்காயை உலர்த்தும் 'ஸ்டோர்' அறைகளில், விறகு எரிந்து குழாய்களில் சூடு ஓட, 50 பாகையை ஒட்டிய வெப்பத்தில் பச்சைக் காய்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் காய்கின்றன. சூடு மிஞ்சினால் காயின் பசுமை போகும். குறைந்தால் பூசணம் பூக்கும். நெடுநாள் பழகிய தொழிலாளி கதவைத் திறந்து முகத்தில் படும் காற்றைக் கொண்டே அதனைச் சொல்லிவிடுகிறார். சுவரில் வெப்பமானி தொங்குகிறது. அவர் பெரும்பாலும் அதனைப் பின்னர்தான் பார்க்கிறார்.